குணவதி செத்த கிழமை

1

இந்தக் கதை எனக்கு ஒரு தேத்தண்ணி வரிசையில் கிடைத்தது. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கலியாண மண்டபம். தாலி கட்டி முடிந்து, சனம் சாப்பாட்டுப் பக்கம் திரும்பியிருந்த நேரம். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

"நான் செத்த கிழமைதான் எனக்கு நல்ல வியாபாரம்."

அவளுடைய முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். எனக்குக் கதை குரலாகத்தான் வரும். ஆட்கள் கதைப்பது முதலில் கேட்கும். அவர்களுக்குக் கண்ணும் மூக்கும் நான் ஆறுதலாகத் தேடிப் பிடிக்கவேண்டும். "என்ன பிள்ளை சொன்னனீர்?" என்று கேட்டேன். தேத்தண்ணி இன்னும் கொதிக்கவில்லை. ஆகவே முழுவதையும் சொன்னாள், கடைசித் துண்டைத் தவிர.

வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்:

'இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் வசந்தத்தில், பனி உருகியும் மனங்கள் உறைந்துபோயிருந்த அந்த'

(வேண்டாம். இது மைக்குக்கு முன்னால் நின்று வாசிப்பது.)

'குணவதி தன் வாழ்நாளில் முதன்முறையாகக் கணினியின் முன்'

(இதுவும் வேண்டாம். அவள் கணினி என்று சொல்லமாட்டாள். கொம்பியூட்டர்தான்.)

2

வரிசையில் கதை சொன்னவள்தான் குணவதி. அந்த இரண்டாயிரத்து ஒன்பதில் அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அவள் வேலைசெய்த தொழிற்சாலை மாசியில் ஆட்களை நிறுத்தியது. வாடகை குறைந்த வீட்டுக்கு மாறினார்கள். மாறியபோது டெலிபோன் நம்பரும் மாறிப்போனது.

நம்பரில்தான் கதை இருக்கிறது. தங்கை புனிதவதி சண்டை நடந்த வன்னிக்குள் நின்றாள். தையில் கதைத்தது கடைசி. அவளுக்குப் பாடமாக இருந்தது பழைய நம்பர். இனி எங்கேயாவது ஒரு போன் கையில் கிடைத்து அவள் அடித்தாலும், 'இந்த இலக்கம் பாவனையில் இல்லை' என்று யாரோ ஒரு வெள்ளைக்காரி இங்கிலீசில் சொல்லுவாள். அதை நினைத்தால் குணவதிக்குச் சோறு இறங்காது.

அந்த நேரத்தில்தான் நூலகத்தில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று தொடங்கியது. சின்ன வியாபாரிகளுக்கு இன்டர்நெட்டில் விளம்பரம் செய்யப் பழக்குவது. குணவதி வீட்டில் ரோல்ஸும் பற்றிஸும் பொரித்து விற்கப்போவதாகப் பெயர் கொடுத்தாள். பொய் இல்லை, நல்ல ரோல்ஸ்தான். ஆனால் அவள் விற்க வந்தது ரோல்ஸை அல்ல. புது நம்பரை.

"உமக்கேன் உந்த விளையாட்டு?" என்றாராம் கணவர் விநாயகமூர்த்தி. "ஊரே எரியேக்க ரோல்ஸ் விளம்பரமோ?"

குணவதி அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.*

* அவர் கோப்பி மட்டும்தான் குடிப்பார். தேத்தண்ணியை வாயிலும் வைக்கமாட்டார். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். எனக்குப் பிறகு உதவும்.

3

அந்த வகுப்பை நினைத்தால் எனக்கே ஆசையாக இருக்கிறது. நான் போனதில்லை. ஆனாலும் ஈரக் கோட்டுகளின் மணமும், ஒரு படம் மேலிருந்து கீழாக மெள்ள மெள்ளத் திறக்கும்வரை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்ததும் எனக்குத் தெரியும். அப்போது 'லைக்' என்பது இன்னும் புதுச் சாமான். ஒருவர் போட்டால், போட்டவருக்குப் போன் எடுத்து நன்றி சொல்லுவார்கள்.

படிப்பித்தவள் ராஜஸ்ரீ. சென்னைப் பிள்ளை, டவுன்டவுனில் வேலை. (இவளுடைய குரல் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சென்னைத் தமிழை நான் படங்களில்தான் கேட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

"ஆன்ட்டி, ஜனங்க பொருளை நம்பமாட்டாங்க, ஆளைத்தான் நம்புவாங்க. நீங்க யாரு, எந்த ஊரு, யாரோட குடும்பம், எல்லாத்தையும் எழுதுங்க. நல்லதா ஒரு போட்டோ. கீழே போன் நம்பர்."

குணவதி வீட்டில் இருந்து யோசித்தாள். ஒரு ஆளுடைய ஊர், குடும்பம், படம், கீழே நம்பர். தமிழில் இப்படி எழுதும் முறை ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்திருந்தது. கிழமைக்குக் கிழமை பேப்பரில் வாசிப்பது. ரேடியோவில் வந்தால் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்பது. அந்த முறையிலேயே எழுதினாள்:

'யாழ். கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட திருமதி குணவதி அவர்கள், விநாயகமூர்த்தி அவர்களின் அன்பு மனைவியும், ஜெயரட்ணம் (நோர்வே), புனிதவதி (        ) ஆகியோரின் பாசமிகு சகோதரியும் ஆவார்.'

மரண அறிவித்தலில் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஆள் இருக்கும் நாட்டைப் போடுவது வழக்கம். தங்கையின் அடைப்புக்குறிக்குள் என்ன போடுவது? வன்னி என்று எழுதி அழித்தாள். முகாம் என்று எழுதி அழித்தாள். வெறுமையாகவே விட்டாள்.

பிறகு, 'அன்னாரின் கைப்பட்ட ரோல்ஸ், பற்றிஸ் வகைகள் சனி, ஞாயிறு தினங்களில் பார்வைக்கு வைக்கப்படும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.' மேலே, பட்டுச் சேலையில் நீள்வட்டத்துக்குள் அவளுடைய படம். கீழே புது நம்பர்.

வகுப்பில் இதை வாசித்துச் சிரித்திருக்கக்கூடிய ஒரே ஆள், கார் ஓட்டப் பழக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சூசைதாசன். அவர் அன்று போரை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலத்துக்குப் போய்விட்டார். ராஜஸ்ரீ வாசித்துவிட்டு, "ரொம்ப மரியாதையா, கம்பீரமா இருக்கு ஆன்ட்டி," என்று அவளே இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டாள்.

4

(இங்கே போரின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். அது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு என்னுடைய ஒரு பந்தி காணாது.)

முதல் போன் நோர்வேயிலிருந்து. ஜெயரட்ணத்தின் மனைவி ஒப்பாரியோடுதான் தொடங்கினாள்.

"மச்சாள், நான்தான் கதைக்கிறன். நான் சாகேல்லை."

"அப்ப அறிவித்தல்?"

"அதில காலமானார் எண்டு எங்கயாவது கிடக்கோ?"

"அவ்வளவு தூரம் ஆர் வாசிச்சது? படத்தைப் பாத்தவுடன அழுதிட்டன்."

பிறகு லண்டன், பாரிஸ், மெல்பேர்ண். சிலர் நேரேயே வந்துவிட்டார்கள். கறுப்பு உடுப்பில் நின்ற முதல் கூட்டத்துக்குக் கதவு திறந்த விநாயகமூர்த்தி, "உள்ளுக்கு வாங்கோ. பிரேதம் ரோல்ஸ் சுத்துது," என்றார். வந்தவர்கள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு ஆளுக்கொரு பெட்டி வாங்கினார்கள். அந்த வியாபாரத்தைத்தான் அவள் வரிசையில் சொன்னது.

அடுத்த சனிக்கிழமை ராஜஸ்ரீ திரையைக் காட்டித் துள்ளினாள். யார் யார் பார்த்தார்கள், எந்தெந்த நாடு. காசு கட்டிப் போட்ட எவருடைய விளம்பரமும் இவ்வளவு தூரம் போகவில்லை. என்ன நடந்தது என்று சூசைதாசன் விளங்கப்படுத்தியதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ ஆன்ட்டி, இப்பவே எடுத்துடறேன்."

"விடும் பிள்ளை," என்றாள் குணவதி. "கிடக்கட்டும்."

"நீங்க உயிரோட இருக்கும்போது இப்படி..."

"எடுக்காதையும். நம்பர் போகுது."

அவள் அழுததாக முதலில் எழுதியிருந்தேன். அழவில்லை என்று அவளே வரிசையில் சொல்லியிருந்தாள்.

5

நம்பர் எப்படிப் போனது? ஜெயரட்ணத்தின் மனைவி குணவதிக்கு அடிக்க முதலே கொழும்புக்குச் சொல்லியிருந்தாள். கொழும்பிலிருந்து வவுனியாவில் இருக்கும் ஒரு மச்சாளுக்கு. அவள், வன்னியிலிருந்து வந்த சனத்தை அடைத்துவைத்திருந்த முகாமின் முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று உள்ளே நின்ற யாருக்கோ கத்திச் சொல்லியிருக்கிறாள்: கனடாவில குணவதி செத்திட்டாளாம், புனிதத்தைக் கண்டால் சொல்லுங்கோ, இதுதான் நம்பர். ரோல்ஸ் விற்கும் செய்தியை யாரும் அப்படிக் கத்தியிருக்கமாட்டார்கள்.

ஆனியில் ஒரு காலைநேரம் போன் அடித்தது. குணவதியின் கையெல்லாம் ரொட்டித்தூள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டாள். தூர தேசத்து இரைச்சல். ஒரு பெண்குரல், மிக மெதுவாக:

"செத்த வீடோ?"

"ஓம்," என்றாள். அந்தக் கிழமைகளில் அது அவளுக்குப் பழகிவிட்டது.

"ஆர் கதைக்கிறது?"

"செத்த ஆள்தான் கதைக்கிறன். நீங்கள் ஆர்?"

அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருமியது.

இதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து சிரிக்கிறார்கள், சிரிப்பு அழுகையாகி (எனக்கு விருப்பமான முடிவு. அதனாலேயே நம்பமுடியவில்லை.)

அது புனிதவதி இல்லை. பங்கருக்குள் அவளோடு கடைசியாக இருந்த இன்னொரு பெண். "அவ உங்களைப் பற்றித்தான்" (இந்த வசனத்தை என்னால் முடிக்க இயலவில்லை.)

லைன் வெட்டுப்படுகிறது. (இது தப்பி ஓடுவது.)

வரிசையில் நான் கேட்டேன்தான். "பிறகென்ன பிள்ளை? ஆர் கதைச்சது?"

அதற்குள் தேத்தண்ணி கொதித்துவிட்டது. குணவதி இரண்டு கோப்பை வார்த்தாள். ஒன்றில் மட்டும் சீனியை அள்ளிப் போட்டாள். "ஆறப்போகுது அக்கா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டு கையிலும் கோப்பையோடு சனத்துக்குள் நடந்தாள்.

வரிசையில் அவளோடு கதைத்துக்கொண்டு நின்றவள் தன்னுடையதைத் தானே வார்த்தாள். விநாயகமூர்த்தி தேத்தண்ணி குடிக்கமாட்டார்.

நான் எட்டிப் பார்த்திருக்கலாம். கண்ணாடியும் போட்டிருந்தேன். ஆனால் குனிந்து, என்னுடைய கோப்பையையே கலக்கிக்கொண்டு நின்றேன். அவள் போன மேசையில் யார் இருந்தது என்று நீங்கள்தான் போய்ப் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு வந்து, அவள் அன்று விட்ட இடத்தை நிரப்பிவிடுங்கள்.

புனிதவதி (        )