பிராவா கடல் வந்த அறை

நவம்பர் மாத மூன்றாம் திங்கட்கிழமை, பாடக்கெட் நகரில், அனிபல் தவாரிஸ் படுத்திருந்த இரண்டாம் மாடிப் பின்னறைக்குள் கடல் வந்தது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, அவர் பிறந்த பிராவா தீவின் கடல்தான் அது. ஏறுவதும் இறங்குவதும் அந்தத் தீவுத் துறைமுகத்து நேரப்படி. முதல் நாள் கணுக்கால் வரை வந்தது, வார முடிவில் கட்டில் சட்டத்தைத் தொட்டது. கீழ்வீட்டுக் கூரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. நகைப் பட்டறையில் முப்பது வருடம் மெருகு போட்ட அனிபல், பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் இழந்து ஒரு மாதமாகியிருந்தது. நீர் ஏறும்போதெல்லாம் யாராவது கட்டில்காலுக்குச் செங்கல் கொடுத்து, அவர் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் மனைவி அர்மாண்டா ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். குடும்பத்தில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள மாநிலம் தரும் விடுப்புப் படிக்காக அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் பொறுமையானவள்.

"படிவத்துல தண்ணிக்குன்னு தனியா கட்டம் இல்லம்மா. பக்கத்துல ஆள் இல்லன்னா என்ன ஆகும்?"

"மூழ்கிடுவாரு."

"அப்ப அதையே டாக்டரை எழுதித் தரச் சொல்லுங்க."

முழங்கால் வரை கால்சட்டை நனைந்த டாக்டர் அப்படியே எழுதினார். ஆறு வாரம் கிடைத்தது. அது தீர்ந்ததும் மகள் சுல்மிரா தன் ஆறு வாரத்தை எடுத்தாள். அவள் ஒன்பது வருடமாக முதியோர் இல்லத்தில் பணிப்பெண்.

"ஊர்ல இருக்கிற அப்பாக்களுக்கெல்லாம் சம்பளத்துக்கு ஊட்டிவிட்டேன். உங்க முறை வர இவ்ளோ நாளாச்சு, பப்பா," என்று சொல்லிக்கொண்டே கஞ்சி ஊட்டுவாள். அவர் இடது பக்க உதட்டால் சிரிப்பார். சின்ன மீன்கள் அவள் காலை உரசிப்போகும்.

அதற்குப் பின் என்ன செய்வதென்று தாயும் மகளும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஷிப்ட் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். கடல் தினமும் ஐம்பது நிமிடம் தள்ளி வந்தது. ஷிப்ட் தள்ளி வரவில்லை. கதவு மெல்லியது. அனிபலுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

விடுப்பின் கடைசிச் சனிக்கிழமை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, மாலை நாலு மணிக்கு நீர் ஏறியது. சுல்மிரா செங்கல்லுக்குக் குனிந்தாள்.

"வேணாம்," என்றார் அனிபல். நாலு மாதத்தில் அவர் பேசிய முதல் சொல்.

"பப்பா, தண்ணி மெத்தைக்கு வந்திருச்சு."

"எனக்கு நீந்தத் தெரியும்மா. உங்கம்மாவைக் கேளு."

அர்மாண்டா அவர் தலையைத் தாங்கியபடி நின்றாள். "எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்களா?" என்றாள்.

"திங்கக்கிழமை ரெண்டு பேரும் வேலைக்குப் போங்க. கையை எடு, அர்மாண்டா."

அவள் எடுக்கவில்லை. கடல்தான் மெல்ல எடுத்தது. நீர் வடிந்தபோது அவள் உள்ளங்கைகள் அப்படியே ஏந்தியிருந்தன. கட்டிலில் உப்பு மட்டும் இருந்தது.

திங்களன்று இருவரும் வேலைக்குப் போனார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவருக்கு ஊட்டும்போது சுல்மிராவின் கை நின்றுவிட்டது. கிழவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். பராமரிப்பு முடிந்த தேதி கேட்டு மாநிலத்திலிருந்து கடிதம் வந்தபோது, அர்மாண்டா அந்தச் சனிக்கிழமையை எழுதினாள்.

கடல் இன்னும் வருகிறது. அர்மாண்டா வேலைக்குக் கிளம்புமுன் அந்த அறையில் தான் விரித்துப் படுக்கும் பாயைச் சுருட்டி அலமாரி மேலே வைத்துவிட்டு, அறைக் கதவைத் திறந்தே விட்டுப் போகிறாள்.