சனியின் மேல் போட்ட பழி

தேவயானி தொலைநோக்கி வாங்குவதில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எதற்கு வாங்குகிறாள் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. வயசு இருபத்தொன்பது, கல்யாணம் ஆகவில்லை. ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். அம்மா போனபிறகு அக்கா கவிதா வீடுதான் அவளுக்கு வீடு. அப்படிப்பட்ட பெண் மொட்டை மாடியில் ஏறி நின்று வானத்தைப் பார்த்தால் தெருவுக்கு வாய் சும்மா இருக்குமா? கவிதா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நகை வாங்குறதுக்கு இது தேவலடி, திருட்டு பயம் இல்ல" என்று சிரித்தாள்.

பிரச்சினை தெருவில் இல்லை, வீட்டுக்குக் கீழே இருந்தது. திருத்தணியில் பொதட்டூர்பேட்டை ரோட்டை ஒட்டிய அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுக்க விசைத்தறி. கவிதாவின் புருஷன், தேவயானி ‘பாவா’ என்று கூப்பிடுகிற வெங்கடேசனுடைய மூன்று தறிகள். அவை ஓடினால் வீடே நடுங்கும். சொம்புத் தண்ணீரில்கூட வட்டம் வட்டமாய் அலை ஓடும். குடியிருப்பவர்களுக்கு அது பழகிப்போன விஷயம். நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற தொலைநோக்கிக்குப் பழகவில்லை. மாடியில் அதை வைத்து சனியைப் பார்த்தால் சனி குத்தாட்டம் போட்டது.

ஆகவே தறி நிற்கும்போதுதான் பார்க்க முடியும். ரம்ஜானுக்கு லுங்கி ஆர்டர் வந்திருந்ததால் தறி ராத்திரி பத்து வரை ஓடியது. சனியோ எட்டு மணிக்குள் மலைக்கோயில் விளக்குகளுக்குப் பின்னால் இறங்கிவிடும். நடுவில் கரண்ட் போனால் உண்டு, அதுவும் பத்து நிமிஷம். கரண்ட் போனால் தெருவே திட்டித் தீர்க்கும். தேவயானி மட்டும் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு மாடிக்கு ஓடுவாள்.

போன வருஷம் பழசாக ஒன்று வாங்கினாள். பெரிய குழாய், மூன்று இரும்புக் கால், குழாய் சாயாமல் எடைக்கு எடை வைக்க இரண்டு குண்டு. மூன்று தரம் படியேறி இறங்கி, எல்லாவற்றையும் பூட்டி, அச்சை வடக்கு நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பி முடிப்பதற்குள் கரண்ட் வந்து வீடு ஆடத் தொடங்கிவிடும். வெறுத்துப்போய் விற்றுவிட்டாள். இந்தத் தடவை சின்னதாக இரண்டு வரவழைத்தாள். பிடிக்காததைப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்.

ஒன்று லென்ஸ் வைத்த மெல்லிய குழாய். தோள்பையில் அடங்கும். கேமரா ஸ்டாண்டில் மாட்டினால் இரண்டே நிமிஷத்தில் தயார். ஆனால் மூச்சு விட்டால் ஆடும். இன்னொன்று உள்ளே குழிக்கண்ணாடி வைத்த குட்டையன். கல்யாண வீட்டுக் குக்கர் அளவு இருக்கும், கால் கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் உட்காரவைத்தால் போதும். மங்கலானதையும் பளிச்சென்று காட்டும் என்றார்கள். ஆனால் அறைச் சூடு ஆறும்வரை அதை வெளியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை அனுப்புவது? அசையாத மாடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு தடவை சனியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"சனியை எதுக்குடி தேடிகினு போற? அதுவா வரும்" என்று கவிதா கேலி பண்ணினாள்.

முதல் ஏழு நாள் மேகம். அடுத்த இரண்டு நாள் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, கரண்ட்தான் போகவில்லை. கரண்ட் போகவில்லையே என்று அந்த ஊரில் கவலைப்பட்ட ஒரே ஜீவன் தேவயானிதான். பத்தாம் நாள் சாயங்காலமும் வானம் தெளிந்திருந்தது. ஏழு மணி ஆயிற்று. இரண்டு தொலைநோக்கிகளும் மாடியில் ஆறிக்கொண்டிருந்தன. கீழே தறிகள் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஏழே கால் ஆயிற்று.

தறிக்குத் தனி மீட்டர், தனி மெயின் சுவிட்ச். மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தது. கவிதா கடைக்குப் போயிருந்தாள். எட்டு நிமிஷம், எட்டே நிமிஷம் என்று தேவயானி தனக்குள் சொல்லிக்கொண்டாள். தறி நின்றால் பாவா தெருமுனை டீக்கடைக்குப் போய்விடுவார், அவருக்கும் ஓய்வுதானே என்று நியாயம் வேறு கற்பித்துக்கொண்டாள். மெயினை இறக்கினாள்.

மாடி அசையாமல் நின்றது. மெல்லிய குழாயில் சனி சின்னதாய், ஓரம் மழுங்கித் தெரிந்தது. குட்டையனில் கண் வைத்தவள் வாய்விட்டு "ஐயோ" என்றாள். வளையம் உடலை விட்டு விலகி, நடுவில் இருட்டு தெரிய, அப்படியே நின்றது. பாடப் புத்தகத்தில் இத்தனை வருஷம் விரலால் தொட்டுக் காட்டிய படம் உயிரோடு இருந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குட்டையன்தான், சந்தேகமே இல்லை.

சந்தோஷமாகத்தான் கீழே இறங்கினாள். தறிக்கூடத்தை எட்டிப் பார்க்கக்கூட இல்லை. மெயினைத் தூக்கினாள். தறி ஒரு அடி அடித்தது. அடுத்த சத்தம் தறியுடையது இல்லை.

வெங்கடேசன் டீக்கடைக்குப் போகவில்லை. செல்போன் வெளிச்சத்தில் அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார். வலதுகை ஆள்காட்டி விரல் முதல் கணுவோடு போயிற்று. நடுவிரல் எலும்பு நொறுங்கியது. இழை முடிகிற விரல்கள் அவை.

"எப்படி ஆச்சு?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்.

"கரண்ட் வந்துடுச்சு சார்" என்றார் வெங்கடேசன்.

பக்கத்தில் நின்ற தேவயானி அந்த வார்த்தையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அக்கா தன்னை வெளியே அனுப்புவாளா? அதைவிட, இனி தன் முகத்தைப் பார்ப்பாளா? அந்தப் பயத்தில் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. திருப்பி அனுப்புகிற கெடு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே முடிந்தது. இரண்டு தொலைநோக்கிகளும் கட்டிலடியில் கிடந்தன.

பழி போட ஆள் வேண்டுமே. கவிதா சனியின் மேல் போட்டாள். "நான் வாய வெச்சேன், அது வூட்டுக்குள்ளயே வந்துடுச்சு" என்று அழுதாள். சனிக்கிழமை தவறாமல் எள் முடிச்சு கட்டிக்கொண்டு சிவன் கோயிலுக்குப் போனாள். "நீயும் வாடி, நீதான அதை உத்துப் பாத்தே" என்று தங்கையையும் இழுத்துக்கொண்டு போனாள். கிரகம் யாரையும் ஒன்றும் செய்யாது என்று வகுப்பில் தொண்டை வறளப் பேசுகிற டீச்சர், எள் விளக்கின் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றாள். கோடிக்கணக்கான மைல் தள்ளி தன்பாட்டுக்குச் சுற்றுகிற ஒன்றின் மேல் தன் குற்றத்தை ஏற்றிவிட்டு நிற்கிறோமே என்று அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது. இரண்டு சனிக்கிழமை அப்படிப் போயிற்று.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வெங்கடேசன் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறி வந்தார்.

"தேவா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க பாவா."

"அன்னிக்கு நம்ம தறி நின்னப்ப பக்கத்து வூட்டுத் தறி ஓடிகினு இருந்துச்சு. அதனால கரண்ட் போகல, ஃபியூஸ்தான் போச்சுன்னு நெனச்சேன். கரண்ட் போனா நான் மொதல்ல தறிக் கைப்பிடியைத் தள்ளிவுட்டுடுவேன். தள்ளிட்டா மோட்டார் ஓடினாலும் தறி ஓடாது. கரண்ட் எப்ப வேணா திரும்பி வரும். ஃபியூஸ்னா நான் போய்ப் போட்டாத்தான் வரும். மொதல்ல இழைய முடிஞ்சுடலாம்னு அந்தத் தைரியத்துலதான் கைப்பிடியைத் தள்ளாம கைய வுட்டேன்." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "ஃபியூஸ் தானா போட்டுக்குமா?"

தேவயானியின் கையிலிருந்து துணி விழுந்தது. "நான்தான் பாவா" என்றாள்.

"தெரியும். அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் ஆஸ்பத்திரியில..."

"வலியில இன்னாவோ வந்துடுச்சு. அப்புறம் நீயா சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன். நீ எள்ளு வெளக்கு ஏத்திகினு இருக்க."

"அக்காகிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"சொல்லு. நான் பக்கத்துல இருக்கும்போது சொல்லாத. எனக்கு ஒண்ணும் கோவம் இல்லன்னு அவகிட்ட நான் நடிக்கணும். என்னால முடியாது, தேவா." அவர் கண் கலங்கியிருந்தது. மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சமையலறையில் கவிதா மறுநாளைக்காகக் கறுப்புத் துணியில் எள் முடிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அதை அவுத்துடு. சனி ஒண்ணும் பண்ணல. தறி மெயினை ஆஃப் பண்ணதும் நான்தான், பாக்காம ஆன் பண்ணதும் நான்தான்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தேவயானிதான் போய் அணைத்தாள்.

"எந்தக் கையால?" என்றாள் கவிதா.

தேவயானி வலதுகையை நீட்டினாள். கவிதா அதைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடித்திருந்தால் தேவயானிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நாளையிலேருந்து இந்தக் கை அவர் தறிக்கு. ஸ்கூல் வுட்டதும் நேரா கீழ போ. அவரு கத்துக் குடுப்பாரு. என்கிட்ட பேச வராத. எப்ப பேசணும்னு எனக்குத் தோணுதோ அப்ப நான் பேசறேன்." சொல்லிவிட்டு எள்ளைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள்.

ஒரு வாரத்தில் தேவயானி இழை முடியக் கற்றுக்கொண்டாள். கோணல் முடிச்சுதான், ஆனாலும் நின்றது. கவிதா தட்டில் சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கட்டிலடியில் குட்டையன் அட்டைப் பெட்டிக்குள் இருந்தான். அன்று கண்ட வளையம் நினைவுக்கு வந்தால் அதன் கூடவே அந்தச் சத்தமும் வந்தது.

எட்டாம் நாள் ஏழரை மணிக்கு கரண்ட் போனது. இந்தத் தடவை தெரு முழுக்க அடங்கியது. வீடு அசையாமல் நின்றது. வானம் தெளிவாகத்தான் இருந்திருக்கும், அவள் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. இருட்டில் தடவிக்கொண்டு ஓடி முதல் தறியின் கைப்பிடியைத் தள்ளினாள். அடுத்து இரண்டாவது, அடுத்து மூன்றாவது. பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொட்டுத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். வாசற்படியில் வெங்கடேசன் நின்றிருந்தது அவளுக்குத் தெரியாது.

கரண்ட் வந்தது. மூன்று மோட்டாரும் உறுமின. தறிகள் அசையவில்லை.

வெங்கடேசன் உள்ளே வந்து கைப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆங்," என்றார், "இப்ப ஓட்டு."