பொன்னாடையில் ஒரு பை

1

போன மாதம் திருவள்ளூரில் ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டல் அடங்கி மேடைக்குப் பின்னால் இறங்கியதும், வரவேற்புக் கமிட்டிக்காரர் ஒருவர் அதை என் தோளிலிருந்து பக்குவமாக உருவி, மடித்து, அக்குளில் செருகிக்கொண்டார். "ஊருக்கே ஒண்ணுதான் சார் கீது. அடுத்த வாரம் வேற ஒருத்தரு வர்றாரு."

இந்தக் கதை அந்த எரிச்சலில் பிறந்தது. இலக்கிய தாகம், சமூகப் பார்வை என்று யாராவது இதற்கு முன்னுரை எழுதினால் நம்பாதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காக்களூர் ஏரியின் மேல் அந்திச் சூரியன் பொன்னை வாரி இறைத்துக்கொண்டிருந்த வேளையில், சாராள்..."

அடித்துவிட்டேன். சாராள் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தையல் மிஷினில் குனிந்திருந்தாள். சூரியன் எதை இறைத்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை.

நேராகவே சொல்கிறேன். சாராள் பழைய துணியில் கைப்பை தைப்பவள். கிழிந்த திரைச்சீலை, சாயம் போன புடவைத் தலைப்பு, எது கிடைத்தாலும் சரி. பழுப்புக் காகிதத்தில் வெட்டி வைத்திருக்கும் அளவை அதன்மேல் போட்டு, சாக்கட்டியால் கோடிழுத்து, வெட்டித் தைத்துப் பையாக்கிவிடுவாள். இதுவரை எல்லாம் கைத்தையல். இப்போதுதான் மாதர் சங்கத்து மிதி மிஷின் அவள் வீட்டுக்கு வந்திருந்தது. வந்திருந்தது என்றால், இரவல். வாசகசாலையைத் திறக்க வருகிற பிரமுகரின் மனைவிக்கு ஒரு நல்ல கைப்பை தைத்துக் கொடுத்தால் மிஷின் அங்கேயே தங்கிவிடும் என்று சங்கத் தலைவி ஜானகியம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

சாராளுக்கு இந்தக் கதையில் வேண்டியது அந்த மிஷின் மட்டும்தான். எனக்கு என்ன வேண்டும் என்பது முதல் பகுதியிலேயே தெரிந்திருக்கும்.

3

துணியையும் ஜானகியம்மாளே கொண்டுவந்தாள்.

"ஐயாவோட பொட்டில அடியில கெடந்துச்சு. யாரோ போட்ட சால்வை. ஜரிகையைப் பாரு, இன்னா பளபளப்பு! வெட்டு."

"ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுக்கினீங்களாம்மா?"

"எங்க ஊட்டுத் துணிக்கு நான் யாரைக் கேக்கணும்?"

(ஜானகியம்மாளுக்கு நிஜமாகவே தெரியாதா? அவள் கணவர் சுப்பராயன்தான் வரவேற்புக் கமிட்டியின் நிரந்தரத் தலைவர். ஊரின் ஒரே பொன்னாடை தன் வீட்டுப் பெட்டியில் தூங்குவது மனைவிக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்கே சந்தேகம்தான். ஆனால் அவள் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. கணவர் பேசுவதை வீட்டிலேயே வேண்டிய மட்டும் கேட்டுவிட்டாள். தெரியாது என்றே வைத்துக்கொள்வோம்.)

சாராள் வெட்டினாள். ஒரு முனையிலிருந்து பையின் முன்பக்கம், பின்பக்கம். உள்துணிக்கு மாவு மூட்டைத் துணி. மில்லின் முத்திரை அதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. உள்ளேதானே, யார் பார்க்கப்போகிறார்கள்?

4

கூட்டத்தன்று காலை, பை முடிந்த கையோடு, பொன்னாடையைத் தேடிக்கொண்டு சுப்பராயன் வந்தார். [இங்கே அவர் தோற்றத்தை வர்ணிக்க வேண்டும். எப்போதும் மாலைக்குத் தோதாகக் கழுத்தைச் சற்று நீட்டி வைத்திருப்பவர் என்றால் போதாதா?]

"இன்னாம்மா இது? பொன்னாடை துண்டாட்டம் கீது?"

"அம்மாதான் ஐயா வெட்டச் சொன்னாங்க."

"சாயந்திரம் வர்றவருக்கு இன்னாத்தைப் போத்துறது? என் வேட்டியையா? பையைப் பிரிச்சுப் பழையபடி ஆக்கு. இல்லாங்காட்டி மிஷினைத் தூக்கிக்கினு பூடுவேன்."

அவர் போனதும் ஜானகியம்மாள் வந்தாள். "பை மேல கை வச்சே, மிஷினை மறந்துடு."

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்து ஒரே பேச்சா சொல்லுங்கம்மா. பேஜாரா கீது."

"நாங்க ஒண்ணா எங்கியும் போறதில்ல."

சாராளுக்குத் தலை சுற்றியது. எனக்கும்தான். ஒரே துணி எப்படிப் பையாகவும் பொன்னாடையாகவும்... கதையைச் சில நாள் மூடி வைத்தேன். திரும்பத் திறந்தபோது அவளே வழி கண்டிருந்தாள்.

பையைப் பிரிக்கவில்லை. வெட்டிய முனையிலேயே அதை லேசான ஓட்டுத் தையலால் சேர்த்துவிட்டாள். போர்த்தினால் பொன்னாடை. மேடைக்குப் பின்னால் வழக்கம்போலத் திரும்ப வாங்கி நூலை உருவினால், அம்மா கேட்ட கைப்பை. ஐயாவுக்குச் சற்றே குட்டையான பொன்னாடை.

5

பிரமுகருக்குப் போர்த்தினார்கள். பை அவர் தொப்பையருகே தொங்கியது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை தற்செயலாக அதற்குள் போயிற்று. முகம் மலர்ந்தது. கண்ணாடிக் கூட்டை உள்ளே போட்டார். பொடி டப்பியைப் போட்டார். பேச்சு எழுதிய தாள்களையும் போட்டார். அதனால் பேச்சும் முடிந்தது. ஊர் மனதாரக் கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் சுப்பராயன் கையை நீட்டினார். பிரமுகர் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பொன்னாடையோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

(அந்தத் துணிச்சல் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

6

இப்போது இருவரும் சாராள் வீட்டில் நிற்கிறார்கள். முதல் முறையாக, ஒன்றாக.

"ஊர்ப் பொன்னாடை பூட்ச்சு. மிஷினு சங்கத்துக்கு."

"பை அவரு ஊட்டுக்குப் போச்சா இல்லியா? மிஷினு சாராளுக்கு."

இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. மிஷின் தங்குவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். சர்க்கரை கூடிவிட்டது, கிழித்தேன். தூக்கிப்போவதாக ஒன்று எழுதினேன். சாராள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதையும்...

சுப்பராயன் மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டார். மறுபக்கம் ஜானகியம்மாள். நடுவில் சாராள், பழைய திரைச்சீலைத் துண்டொன்றை ஊசிக்கடியில் செருகி மிதிக்கத் தொடங்கினாள்.

"இருங்க ஐயா, பாதித் தையல்ல எழுப்பாதீங்க. இந்தக் கோடு முடிஞ்சதும் தூக்கிக்கினு போங்க."

நியாயம்தானே. ஊசி துணியில் இறங்கியிருக்கும்போது மிஷினைத் தூக்குவது எப்படி? சுப்பராயன் காத்திருக்கிறார். சாராள் விளிம்புக்கு வந்ததும் துணியைத் திருப்பிக்கொண்டு மறுபடி மிதிக்கிறாள். நான் முற்றுப்புள்ளி வைத்தால் அவர் தூக்கிவிடுவார். வைக்கத்தான் வேண்டும் என்றால் நீங்கள் வையுங்கள். நான் இந்த வாக்கியத்தை இப்படியே, விளிம்புக்கு வந்ததும் திருப்பி, மறுபடி விளிம்புக்கு வந்ததும் திருப்பி, அவள் கால் ஓயாத வரைக்கும்