வெண்துளைக்குள் ஒரு வார்த்தை

1.
இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் வரவேற்பறையில் கிடைத்தது. அட்டை கிழிந்த பத்திரிகை ஒன்றில் வெண்துளை பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். கருந்துளைக்கு நேர் எதிரானதாம். உள்ளிருப்பதெல்லாம் வெளியே வரும். வெளியிலிருந்து ஒரு தூசிகூட உள்ளே போகாது. கணக்குப்படி இருக்கலாம், கண்டவர் யாருமில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் ஃபோனில், "ம்... ம்... அக்கா, நான் ஒண்ணு... ம்..." என்றபடியே இருந்தார். பத்திரிகையை மூடிவிட்டேன்.

2.
தொடக்கம்: விண்வெளியின் முடிவற்ற இருளில்

(வேண்டாம். அந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை.)

மறுபடி: அவன் லிஃப்ட் மெக்கானிக். மனைவி பிரிந்துபோன வீட்டில் தனியாக இருக்கிறான். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, அதற்குமேல் அந்த வீட்டில் எதுவும் அவனுக்குப் பதில் சொல்வதில்லை. அக்காவிடம் ஒன்று கேட்கவேண்டும்: கொஞ்ச நாள் உன்னோடு வந்து இருக்கட்டுமா? அவ்வளவுதான்.

3.
அக்காவுக்கு வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை. இடைவேளையில் அலுவலக எண்ணிலிருந்து கூப்பிடுவாள், அவளே பேசிவிட்டு வைத்துவிடுவாள். திருப்பிக் கூப்பிட்டால், இந்த எண் அழைப்புகளை ஏற்காது என்று பதிவுக்குரல் சொல்லும்.

(சொந்த ஃபோன் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. நாள் முழுக்க ஊரார் புகாரைக் கேட்ட காது. வீட்டுக்குப் போனதும் அணைத்துவிடுவாள். குறுஞ்செய்தி அனுப்பினால் மறுநாள் கட்டைவிரல் படம் ஒன்று வரும். அதை நம்பிப் பெட்டி கட்ட முடியுமா?)

முதல் வரைவில் அவளைக் கல்நெஞ்சக்காரி ஆக்கியிருந்தேன். அடித்துவிட்டேன். தம்பியைப் பேசவிட்டால் அழுதுவிடுவானோ என்று பயந்துதான் அவள்

4.
லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து கம்பிக்கயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"டேய், சாப்டியா? சரி, இதக் கேளு. மாமா செருப்பு வாங்கிட்டு வந்தாரு. பிரிச்சுப் பாத்தா ரெண்டும் இடது கால்!"

"அக்கா, நான்..."

"இருடா. மாத்திட்டு வாங்கன்னா, மனுஷன் அதையே போட்டு நடந்து பாக்குறாரு. 'பழகிடும்'ங்கிறாரு!"

சிரித்துவிட்டான். அடக்க முடியவில்லை.

"சிரிக்கிறியா? அப்பாடா. சரி, பிரேக் முடிஞ்சுது. வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?"

தொழில் வாய். ஒவ்வொரு அழைப்பையும் முடிக்க அங்கே சொல்லிக்கொடுத்த வாக்கியம், தம்பியிடமே வந்து விழுந்துவிட்டது. அதற்குப் பதில் வரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பழக்கம் விடவில்லை. அக்கா பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

5.
முடிவு அ: எல்லா வாடிக்கையாளரையும்போல, "இல்லக்கா" என்கிறான். எழுதிப் பார்த்தேன். நம்பும்படியாகவே இருக்கிறது, அதுதான் பயம்.

முடிவு ஆ: கேட்டுவிடுகிறான். அக்கா சொன்னாள், "

இதற்குமேல் பேனா ஓடவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

நீங்கள் "கேளுடா" என்று சொல்லலாம். சத்தமாகவே சொல்லலாம். ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து வெளியே வரத்தான் வழி உண்டு, உள்ளே போக இல்லை. உங்கள் குரல் அவனுக்கும் கேட்காது, எனக்கும் கேட்காது. ஆனாலும் சொல்லிப் பாருங்கள்.

அக்கா இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.