பெரிய பம்பு கேட்ட தம்பி

என் இன்ஜினைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் பொறுக்காது. பட்டறையில எனக்குக் குக்கர் அக்கா, சுருக்கமா குக்கர்க்கான்னு பேர் வெச்சதே அதுக்குத்தான். முகத்துக்கு நேரா யாரும் கூப்பிட மாட்டாங்க, ஆனா காதுல விழும். விழட்டும். ரேஸ் வண்டி இன்ஜினை நட்டு நட்டா பிரிச்சு மாட்டுறவ நான். அது சூடாகுதுன்னு என் கூடப்பொறந்த தம்பியே வந்து சொன்னா விசில் அடிக்காம என்ன செய்யும்?

தம்பிதான் வண்டியை ஓட்டுறவன். போன சீசன் கடைசி ரேஸ்ல தண்ணிக் குழாய் வெடிச்சு, இடது முழங்காலுக்குக் கீழே வெந்துபோச்சு. எங்க வண்டியில ஓட்டுறவன் முதுகுக்குப் பின்னாடி இன்ஜின், வண்டி மூக்குல ரேடியேட்டர். பின்னாலேருந்து முன்னால கொதிக்கிற தண்ணி போற குழாய், அவன் இடது காலை ஒட்டினாப்புலதான் போகும். வண்டியைச் செஞ்சவங்க அப்படித்தான் செஞ்சு அனுப்பினாங்க. புண் ஆறிடுச்சு, தோல் மட்டும் கொஞ்சம் சுருங்கிக் கிடக்கு. டாக்டரும் ஓட்டலாம்னு சொல்லிட்டார். நான் குழாய் ஜாயின்ட்டைப் புதுசா மாத்தி, மிதி, கால் பலகை எல்லாத்துக்கும் புது ரப்பர் ஒட்டி வண்டியைத் தயாரா நிறுத்தினேன்.

திரும்பி வந்தவன் மெதுவா ஓட்டினான். ஒவ்வொரு வளைவுலயும் கொஞ்சம் கொஞ்சமா நேரம் போச்சு. கேட்டா, தண்ணி பம்பு பத்தலக்கா, இன்ஜின் சூடாகுது, நம்பி மிதிக்க முடியல, பெரிய பம்பா போடுன்னான். வண்டி ஓடினப்போ பதிவானதை எடுத்துப் பார்த்தேன். சூட்டு முள் ஒரு தடவைகூட எல்லையைத் தாண்டல. தாண்டலையேடான்னு கேட்டா, தாண்டிடுமோன்னு இருக்குங்கிறான். அட, தாண்டிடுமோன்னு இருக்குங்கிறதுக்கெல்லாம் நான் பம்பு மாத்த முடியுமா?

வண்டி முதலாளி கையில ஸ்டாப்வாட்ச்சோட வேலியோரமா நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டிருந்தார். கத்த மாட்டார், அதான் அவர்கிட்ட பயமே. எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு அமைதியா சொன்னார்.

"இன்ஜின்ல கோளாறுன்னா சரி பண்ணிக்கலாம். ஓட்டுறவன்கிட்ட கோளாறுன்னா ஆளை மாத்திடுவேன். அடுத்த ஓட்டத்துல பழைய நேரம் வரணும்."

தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பள்ளிக்கூடத்துல ஒழுங்கா உக்காராதவன், ஒரு வேலையில நிலைக்காதவன், வண்டியில உக்காந்தாத்தான் மனுஷனா இருப்பான். அந்த சீட்டும் போயிட்டா என்ன ஆவான்னு எனக்கு நல்லாத் தெரியும்.

பம்புக் கடைக்காரரை வரச் சொன்னோம். அவர் ரெண்டு பம்பைக் கொண்டு வந்து மேசை மேல வெச்சார். ஒண்ணு பெரிசு, இன்ஜின் பெல்ட்டுல ஓடுறது. இன்னொண்ணு அதைவிடச் சின்னது, தனி மோட்டார்ல கரண்ட்டுல ஓடுறது. பெரிசைத் தடவித் தடவிப் பேசினார். நிமிஷத்துக்கு இவ்வளவு தண்ணி தள்ளும், இதுக்கு மேல மார்க்கெட்டுலயே கிடையாதுன்னார். குழாயைத் திறந்துவிட்டு வாளியில பிடிச்சு அளந்த கணக்குதானே அதுன்னு கேட்டேன். நீள நீளமான குழாய்ல ஓடி, ரேடியேட்டர்ல நுழைஞ்சு, திரும்பி வரும்போது எவ்வளவு தள்ளும்னு சொல்லுங்கன்னேன். அது வண்டிக்கு வண்டி மாறும்மான்னு இழுத்தார். பெல்ட்டுல ஓடுறது இன்ஜின் சுத்தச் சுத்த அதுவும் கூடச் சுத்தும். ரொம்பச் சுத்தினா தண்ணியைத் தள்ளாம அடிச்சு நுரையாக்கும், இன்ஜின் பலத்தையும் தின்னும். கரண்ட்டு பம்பு அப்படி இல்ல, இன்ஜின் எந்த வேகத்துல ஓடினாலும் அது பாட்டுக்கு ஒரே சீரா தள்ளும். எங்க இன்ஜினுக்கு அது போதும்.

தம்பி காதுல ஒண்ணும் ஏறல. பெரிசுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான். வண்டியை ஓட்டப்போறது நீயா, பம்பான்னு கேட்டுட்டேன். முகம் செத்துப்போச்சு அவனுக்கு.

மத்தியானம் தம்பி பொண்டாட்டி சாப்பாடு கொண்டு வந்தா. நாங்க ரெண்டு பேரும் பேசிக்காம ஆளுக்கொரு மூலையில உக்காந்து சாப்பிடறதைப் பார்த்துட்டு, அவன் போனதும் என்கிட்ட வந்து புலம்பினா. வீட்டுலயும் இதே அழிச்சாட்டியம்தான் அண்ணி, சரியான சோம்பேறி ஆயிட்டார், குளிக்கிற சுடுதண்ணிப் பாத்திரத்தை அடுப்புலேருந்து இறக்கித் தாங்கன்னா நைசா நழுவிடறார்ன்னா. நாலு வாங்கு வாங்கினாத்தான் சரிப்படுவான்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அவன் வாயை அடைக்கிறதுக்காகவே பெரிய பம்பை மாட்டினேன். ஷெட்டுலயே வண்டியைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை ஓட விட்டோம். உள்ள உக்காந்து முள்ளைப் பாருடான்னா, நான் பின்னாடி நின்னு பெல்ட்டைப் பார்த்துக்கிறேன்னு போயிட்டான். சரி போன்னு நானே ஏறி உக்காந்தேன். இத்தனை வருஷத்துல இன்ஜின் சூடா இருக்கும்போது அந்த சீட்டுல நான் உக்காந்ததே இல்ல. வெளியில நின்னு மாட்டுறதுதானே என் வேலை.

மிதிச்சேன். சூட்டு முள் அசையல. இன்னும் மிதிச்சேன். பக்கத்துல போற குழாயோட ரப்பர் ஜாயின்ட் மெல்ல உப்பிக் கல்லு மாதிரி இறுகிச்சு. அதோட சூடு பேன்ட்டு வழியா என் கெண்டைக்காலுக்கு வந்துச்சு. நான் எதுவும் யோசிக்கல, கால் தானா விலகிடுச்சு. திரும்பக் கொண்டுபோய் வெச்சேன். திரும்பவும் விலகிச்சு.

அப்பத்தான் கீழே குனிஞ்சு பார்த்தேன். வளைவுல வண்டி ஆளைத் தூக்கி வீசும். இடது காலைப் பலகையில ஊனிக்கிட்டாத்தான் உடம்பு அசையாம கை சரியா திரும்பும். குழாயை ஒட்டித்தான் அந்தப் பலகையும் இருக்கு. நான் ஒட்டின ரப்பர் மத்த மிதியில எல்லாம் தேஞ்சு பளபளன்னு இருந்துச்சு. கால் பலகை ரப்பர்ல மட்டும் ரப்பர் கடையில ஒட்டின ஸ்டிக்கர் ஒரு கீறல் இல்லாம அப்படியே இருந்துச்சு.

இன்ஜினை அணைச்சேன். சுடுதண்ணிப் பாத்திரம் ஞாபகம் வந்துச்சு. என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. இறங்கிப் பின்னாடி போனேன்.

"இடது காலை எங்கடா வெச்சுக்கிற?"

பெல்ட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னான்.

"கிளட்ச்சுக்குக் கீழே மடக்கிக்குவேன். அங்க வெக்க வரலக்கா. தண்ணி சூடாகலன்னா குழாய் வெடிக்காதுன்னுதான் பெரிய பம்பா கேட்டேன்."

பெரிசு போட்டா அந்தக் குழாய்க்குத்தான் இன்னும் அழுத்தம் ஏறும், எதுக்குப் பயந்தானோ அதையேதான் கேட்டு வாங்கியிருக்கான்னு அவனுக்கு விளக்கினேன். அவன் சிரிக்கப் பார்த்தான், வரல. முதலாளிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்க்கான்னான். அது எனக்கும் தெரியும்.

பெரிய பம்பைக் கழட்டித் துடைச்சுக் கடைக்காரர்கிட்ட கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வாங்கிட்டுப் போனார். கரண்ட்டு பம்பை மாட்டினோம். குழாயை அவன் பக்கத்துலேருந்து மொத்தமா எடுத்து, வண்டியோட வெளிப்பக்கம் கதவுக்குக் கீழே தகடு அடிச்சு அது வழியா கொண்டுபோனேன். குழாயைச் சுத்தி விடுறது நீளம்தான், அதுக்காக வளைவுகளைக் குறைச்சேன். பம்பு அந்த நீளத்துக்கும் தண்ணி தள்ளுதான்னு ஓட விட்டுப் பார்த்துக்கிட்டேன். தம்பி கூடவே இருந்து ஒவ்வொரு கிளிப்பையும் அவன் கையாலயே முடுக்கினான்.

ஓட்டம் நடந்த அன்னைக்கு முதலாளி பக்கத்துலயே நின்னேன். சின்ன பம்பு போட்டதுல அவருக்குத் திருப்தி இல்ல. முதல் சுத்து சுமார். ரெண்டாவதும் சுமார்தான். அதுக்கப்புறம் வளைவுல இன்ஜின் சத்தம் மாறிச்சு. அவன் முன்னாடியே மிதிக்கிறான்னு சத்தத்துலயே தெரிஞ்சுது. முதலாளி ஸ்டாப்வாட்ச்சை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்தார்.

வண்டி வந்து நின்னு தம்பி ஹெல்மெட்டைக் கழட்டினதும் முதலாளி அவன் தோள்ல தட்டினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். சுத்தி மெக்கானிக்குங்க எல்லாரும் நின்னுக்கிட்டிருந்தாங்க.

"அப்போ இத்தனை நாளும் கோளாறு உன் இன்ஜின்லதான் இருந்திருக்கு, இல்லையா?"

தம்பி வாயைத் திறந்தான். எல்லாத்தையும் சொல்லிடப் போறான்னு அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது.

"ஆமா சார், என் இன்ஜின்தான். தண்ணி ஓட்டத்தை நான்தான் சரியா பார்க்கல"ன்னேன்.

பின்னாடி எவனோ குக்கர்க்கா ஒத்துக்கிட்டாங்கடான்னு முணுமுணுத்தான். விழட்டும்னு விட்டேன். முதலாளி தலையாட்டிட்டு, அடுத்த ரேஸுக்கும் தம்பிதான்னு சொல்லிட்டுப் போனார்.

நான் வண்டிக்குள்ள தலையை விட்டுப் பார்த்தேன். கால் பலகையில ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு சுருண்டிருந்துச்சு. ஷூவோட குதிகால் மட்டும் பட்டிருக்கு. முழுப் பாதம் வெக்க இன்னும் கொஞ்ச நாளாகும்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?" பக்கத்துல வந்து நின்னு கேட்டான்.

கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. அவன் பார்க்கிறதுக்குள்ள ஸ்பேனரை எடுத்து அவன் கையில கொடுத்து, டயரைக் கழட்டுடான்னேன்.