வாத்துக் கழுத்துக் கையெழுத்து

வாலுவின் குதிகாலில் மிளகளவு ஓட்டை. அவ்வளவுதான். கடைக்குப் பின்னால், துணி காயப்போடும் முற்றத்தில், கம்பி ஹேங்கர் ஒன்று துருவேறி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதன் வளைந்த முனையை மிதித்துவிட்டாள். போட்ட கூச்சலுக்கு நான்கு வீடு தள்ளியிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

வாலு என் அக்காவின் மகள். மூன்று வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள். அக்காவும் மாமாவும் லாண்டரி வைத்திருக்கிறார்கள். மாமா வீடு வீடாகப் போய்த் துணி எடுத்து வருவார். அக்கா இஸ்திரி போடுவாள். நான் பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு துணிக்கும் துண்டுச் சீட்டில் எண்ணும் பெயரும் எழுதிக் குத்துவேன். ஆள் முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடிக்கும். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுந்து நின்று படிக்கச் சொன்னால் என் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வரும். எழுதச் சொன்னால் மட்டும் யாருடைய எழுத்தையும் அப்படியே எழுதிவிடுவேன்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தாள். குழாயடியில் காலைப் பிடித்துச் சோப்புப் போட்டு, தண்ணீரை விட்டு விட்டுக் கழுவினாள். மாமா ஹேங்கரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"துருக்கம்பி. ஊசி போடணுமே?"

"அதெல்லாம் போன வருஷமே போட்டாச்சு. இவதானே கூட்டிட்டுப் போனா."

"நல்லாத் தெரியுமா?"

"கார்டுல இருக்கு, போய்ப் பாருங்க. யார் வீட்டுச் சட்டையில எந்தப் பட்டன் போச்சுன்னு கேட்டா சொல்வீங்க. பெத்த பொண்ணு ஊசி போட்டாளா இல்லையான்னு தெரியாது."

மாமா அலமாரியைத் திறந்து தடுப்பூசிக் கார்டை எடுத்துவந்தார். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "ஆமா. ஒன்றரை வயசு ஊசி. தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கு." என் பக்கம் திரும்பினார். "நல்லவேளை நீ இருந்தே, பிழைச்சோம். நாங்க ரெண்டு பேரும் மறந்தே போயிருப்போம்."

நான் தலையாட்டினேன். என் காது மடல்கள் சுட்டன.

அந்த வரியை எழுதியது நான்.

போன வருடம் அக்கா என்னிடம்தான் குழந்தையைக் கொடுத்து அனுப்பினாள். சுகாதார நிலையம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. வாசலில் போய் நின்றபோது உள்ளே நீலச் சீருடையில் ஒரு வரிசை. என் வகுப்புப் பெண்கள். பள்ளியிலிருந்து அவர்களை ஊசிக்குக் கூட்டி வந்திருந்தார்கள். ஒருத்தி சட்டைக் கையைச் சுருட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. இடுப்பில் குழந்தையோடு திரும்பி நடந்தேன். பூங்கா பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாளைக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அக்கா, "போட்டாச்சா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். ஒரே எழுத்து. அதற்கப்புறம் கார்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதல்லவா? நர்ஸம்மாவின் கையெழுத்து வாத்துக் கழுத்து மாதிரி மேலே போய் வளைந்து இறங்கும். கீழே இரண்டு புள்ளி. மூன்று தடவை பழைய தாளில் போட்டுப் பார்த்தேன். நான்காவது தடவை கார்டில் போட்டேன். "காய்ச்சல்கூட வரலை, என் பொண்ணு கெட்டிக்காரி" என்று அக்கா தெருவெல்லாம் சொன்னாள். நாளைக்கு, அடுத்த வாரம் என்று ஒரு வருடம் போய்விட்டது.

இப்போது குதிகாலில் வெள்ளைத் துணி கட்டி வாலுவை என்னிடம் விட்டுவிட்டு அக்கா இஸ்திரிக்குப் போனாள். துரு குத்தினால் தாடை இறுகிவிடும், வாயைத் திறக்க முடியாது என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். அது உடனே வராது, நாள் ஆகும் என்றும் சொன்னார்கள். நாள் ஆகும் என்பது மட்டும் எனக்கு அப்போது நினைவில் இல்லை.

"வாலு, வாயைத் திற."

திறந்தாள். இரண்டு நிமிடம் கழித்து, "இன்னொரு தடவை திற" என்றேன். திறந்தாள். ஐந்தாவது தடவை கேட்டபோது அவளுக்கு இது ஏதோ விளையாட்டு என்று பட்டுவிட்டது. உதடுகளை இறுக்கி, பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி "ம்ம்ம்" என்றாள்.

"விளையாடாதே. திற."

"ம்ம்ம்!"

கன்னத்தைப் பிடித்து அழுத்தினேன். அவள் தலையை ஆட்டினாள். கொஞ்சம் விட்டிருந்தால் அடித்திருப்பேன். அப்புறம் அவளே தாங்கமாட்டாமல் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் சிரிக்க, எனக்கு அழுகை வந்தது. கார்டை எடுத்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு, "கொஞ்சம் வெளியே வேடிக்கை காட்டிட்டு வரேன்க்கா" என்று சொல்லிக் கிளம்பினேன். இன்னொரு பொய்.

சுகாதார நிலையத்தில் பெஞ்சு நிறைய ஆள். என் முறை வந்ததும் நர்ஸம்மா நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிக் கார்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"கழுவினீங்களா? நல்லது. ஊசி எல்லாம் சரியாப் போட்டிருக்கேம்மா. அடுத்தது அஞ்சு வயசுலதான். போய்ட்டு வா."

"இல்லைங்க... அது போடலைங்க."

"எது போடலை? இதோ, நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அது... நான்..."

காற்றுதான் வந்தது. பின்னால் ஒருவர், "சீக்கிரம்மா, நாங்களும் வீட்டுக்குப் போகணும்" என்றார்.

"என்ன முணுமுணுக்கறே? வாயில கூழாங்கல்லா வெச்சிருக்கே?"

"அந்தக் கையெழுத்து நான் போட்டதுங்க!"

அறை முழுக்கக் கேட்கும்படி வந்துவிட்டது. நர்ஸம்மா சிரித்தார். "என் கையெழுத்து எனக்குத் தெரியாதா பொண்ணே? முப்பது வருஷமாப் போடறேன். என் வீட்டுக்காரராலயே போட முடியாது. மறந்துபோய் உளர்றே. அடுத்தது யாரு?"

அடுத்தவர் எழுந்துவிட்டார். மேசையில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தேன். டோக்கன் சீட்டின் பின்பக்கம் வாத்துக் கழுத்தை வரைந்து, கீழே இரண்டு புள்ளி வைத்து, அவர் முன்னால் தள்ளினேன்.

அவர் பார்த்தார். கார்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது.

"இன்னொரு தடவை போடு."

போட்டேன். எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பேங்க் செக்குல போட்டா என்னத்துக்கு ஆவுறது!" என்றது ஒரு குரல். பேனா நூலில் ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

நர்ஸம்மா பெரிய பதிவேட்டைப் புரட்டினார். அந்தத் தேதியில் வாலுவின் பெயர் இல்லை.

"முதல் வருஷத்து மூணு ஊசி? அது நான் போட்டதா, அதுவும் நீதானா?"

"நீங்கதான்ங்க."

"அந்தமட்டும் நல்லது. அதனால பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லை. விட்டுப்போனதை இப்பவே போட்டுடலாம்." மருந்தை ஏற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார். "இந்தக் கார்டை நம்பித்தான் உன்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். நீ பேசாம போயிருந்தா நானும் விட்டிருப்பேன். புரியுதா?"

"புரியுதுங்க."

வாலு அலறினாள். நர்ஸம்மா என் வரியைச் சிவப்பு மையால் அடித்து, "போடப்படவில்லை" என்று எழுதி, அதன் கீழே இன்றைய தேதியை எழுதினார். "வீட்ல நான் வந்து சொல்லவா, நீயே சொல்றியா?"

"நானே சொல்றேன்."

வழியெல்லாம் சொற்களைக் கோத்துக்கொண்டு வந்தேன். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் வாலு முந்திக்கொண்டாள். "அம்மா! ஊசி! இங்க!" என்று தொடையைக் காட்டினாள்.

அக்கா பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். "போட்ட ஊசியையே மறுபடி போட்டாங்களா? கார்டைப் பார்க்கத் தெரியாதா அந்தம்மாவுக்கு? வாயில்லாத பொண்ணுதானேன்னு நினைச்சாங்களா?" இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். "இரு, நான் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

செருப்பைப் போட்டுவிட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அவள் போய் எனக்காகச் சண்டை போடுவாள். அங்கே அத்தனை பேர் முன்னால் தெரிந்துகொள்வாள்.

"அக்கா, போகாதே." கார்டை நீட்டினேன். "போன வருஷம் போடலை. நான் எழுதிட்டேன்."

அவள் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். அதன் கீழே தெரிந்த கையெழுத்தைப் பார்த்தாள். மாமா துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"ஏன்?"

"என் கிளாஸ் பொண்ணுங்க அங்க வரிசையில நின்னாங்க. அதான் திரும்பி வந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லை."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா? கிண்டல் பண்ணாங்களா?"

"இல்லை. அவங்க என்னைப் பார்க்கக்கூட இல்லை."

அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இன்னும் ஏதோ பெரிதாக வரும், அதைக் கேட்டு என்னை மன்னித்துவிடலாம் என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்."

திட்டியிருந்தால் தேவலை. மாமா தொண்டையைச் செருமினார். "சரி விடு, இப்பத்தான் போட்டாச்சே" என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து மூட்டைப் பக்கம் குனிந்துகொண்டார். அக்கா என் இடுப்பிலிருந்து வாலுவை வாங்கினாள். வாலு என் தோளை விடாமல் பிடித்திருந்தாள். அக்கா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அஞ்சு வயசு ஊசிக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள், மாமாவிடம்.