ஆளுக்கு நூற்று முப்பத்தாறு வயது

ஒரே மத்தியானத்தில் இரண்டாயிரம் கைக்குழந்தைகளுக்கு ஆளுக்கு நூற்று முப்பத்தாறு வயதைக் கூட்டி, ஒன்றைக்கூட அழவிடாமல் வீடு திரும்பிக் கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தவள் இந்தப் பூமியில் அண்ணி ஒருத்திதான். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று அவள் கூடவே நின்ற கொழுந்தனும் அப்படித்தான் சிரித்தான், பன்னிரண்டு மணி வரைக்கும்.

அண்ணிக்குக் கெர்னலில் வேலை. கெர்னல் என்றால் கணினியின் அடிமடி. திரையில் ஆடுகிறவை, பாடுகிறவை எல்லாம் அதன் தோளில் ஏறி நின்றுதான் ஆடுகின்றன. அந்த அடிமடியில் உட்கார்ந்து அண்ணி பத்து வருடமாகப் பார்த்தது ஒரே வேலை: கோப்புகளின் தேதி எதிர்காலத்தைத் தாங்கும்படி செய்வது. ஒவ்வொரு கோப்பின் முதுகிலும் ஒரு தேதி உண்டு. கோப்புகளைச் சேமித்துவைக்கும் பழைய வட்டுகளில் அதற்கு ஒதுக்கிய இடம் ரொம்பக் குறுகல். நொடிகளாக எண்ணி எண்ணி அதில் போட்டுக்கொண்டே வந்தால், இரண்டாயிரத்து முப்பத்தெட்டு ஜனவரியில் இடம் நிரம்பிவிடும். அடுத்த நொடி நேரே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றில் போய் விழும். வண்டி மீட்டர் முழுதும் ஓடித் தீர்ந்தபின் வண்டியே கடைக்குத் திரும்பிப் போன மாதிரி.

"அது வர இன்னும் எவ்வளவோ காலம் கிடக்கு அண்ணி. அதுக்குள்ள எனக்குப் பேரனே வந்துடுவான்" என்பான் கொழுந்தன். அவன் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் கணினி அறைக்குப் பொறுப்பு.

அன்று காலை அவன் ஒரு படம் அனுப்பினான். சும்மா கிடந்த சோதனைப் பெட்டியில் புதுக் கெர்னலை ஏற்றி, பழைய வட்டு ஒன்றைச் செருகியிருக்கிறான். 'இந்த வட்டு 2038 வரைக்குமான தேதிகளைத்தான் தாங்கும்' என்று திரையில் ஒரு வரி. கீழே அவன் எழுதியிருந்தான்: "உங்க நாய்க்குட்டி குரைக்குது அண்ணி."

குரைத்த வரி அண்ணி கைப்பட எழுதியதுதான். பெற்ற பிள்ளையைப் பார்த்த மாதிரி ஒரு நிமிடம் பூரித்தாள். பிறகு என்னவோ உறுத்த, கூப்பிட்டாள்.

"தம்பி, முப்பத்தெட்டைத் தாண்டின தேதி எதையாவது அந்த மாதிரி வட்டுல வெச்சிருக்கியா?"

"நாளைக்கு எடுக்கப்போற படத்தை இன்னைக்கே வெக்க நான் என்ன ஜோசியனா?" சிரித்தான். பிறகு ஒரு இழுவை. "குழந்தைங்க ஸ்கேன் மட்டும் இருக்கு. அதையெல்லாம் அவங்களுக்கு இருபத்தஞ்சு வயசு ஆகுற வரைக்கும் வெச்சிருக்கணும்னு விதி. எதுவரைக்கும்ங்கிறதை அந்தந்தக் கோப்போட தேதியாவே எழுதிடுவோம். கெடு முடிஞ்சதை ஒரு புரோகிராம் தானா பார்த்து அழிச்சிடும். என் ஐடியாதான். எப்படி?"

அண்ணி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினாள். "அந்த ஸ்கேன் இருக்கிற பெட்டியைத் தொடாத. நான் வர்றேன்."

"பன்னெண்டு மணிக்கு யூ.பி.எஸ். மாத்துறாங்களே. எப்படியும் அணைச்சாகணும்."

ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறு காலில் வெளிச் செருப்புமாக அண்ணி புறப்பட்டாள். அவள் ஏறிய வாடகைக் காருக்கு வழிவிட்டு நடைபாதைகளே ஒதுங்கி நின்றன.

கணினி அறை ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு இடுக்கு. மின்விசிறிகளின் இரைச்சலில் காது அடைத்தது. எலக்ட்ரீஷியன் தரையில் குந்தி, பழைய பேட்டரிகளின் திருகுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். கொழுந்தன் ஒரு கோப்பைத் திறந்து காட்டினான்.

"பாருங்க. இது மூணாவது மாடியில இருக்கிற குழந்தை. பொறந்த வாரம் எடுத்த இதய ஸ்கேன். ரெண்டு மணிக்கு ஆபரேஷன், டாக்டர் இதை வெச்சுத்தான் ஒப்பிடப் போறாங்க. கெடு என்ன போட்டிருக்கு? ரெண்டாயிரத்து நாப்பத்தொம்பது. நட்டுவெச்ச கல்லு மாதிரி நிக்குது. இதுல எங்க இருக்கு உங்க ஆயிரத்துத் தொள்ளாயிரம்?"

"இது வட்டு சொல்ற தேதி இல்ல. கெர்னல் தன் ஞாபகத்துல வெச்சிருக்கிற தேதி. அங்க இடம் தாராளம். வட்டுல எழுதும்போது குறுகல்ல அடங்காததைக் கத்தரிச்சிட்டுத்தான் எழுதியிருக்கும். இந்தப் பெட்டியை எப்போ கடைசியா அணைச்ச?"

"அணைச்சதே இல்ல. அதுல எனக்குப் பெருமை."

"அதான் தப்பிச்ச. அணைச்சா ஞாபகம் போயிடும். மறுபடி வட்டுலேர்ந்து படிக்கும்போது இந்தக் குழந்தைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூணுலயே கெடு முடிஞ்சிருக்கும். உன் புரோகிராம் விடுமா?"

"சரி, நிரூபிங்க."

"நிரூபிக்கணும்னா ஞாபகத்தைக் காலி பண்ணணும். பண்ணினா இத்தனை குழந்தைங்களும் ஒண்ணா விழுவாங்க."

"இது நல்லா இருக்கே. பேய் இருக்கு, ஆனா பார்த்தா செத்துடுவ, அதனால நம்பு." கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டான். "நகல் இருக்கு அண்ணி."

"நகல் பெட்டி என்ன பண்ணும்?"

"இங்க இருக்கிறது அங்க இருக்கும். இங்க அழிஞ்சது..." நிறுத்தினான். "அங்கயும் அழியும்."

"முதல்ல அந்த அழிக்கிற புரோகிராமை நிறுத்து."

"அது விதிப்படி ஓடுறது. டாக்டர் சொல்லாம நான் கைவெக்க முடியாது. அவங்க ரவுண்ட்ஸ்ல இருப்பாங்க, செல்லுலதான் பிடிக்கணும். இருங்க, கேட்டுட்டு வர்றேன்." போனோடு வெளியே போனான். உள்ளே சிக்னல் கிடைக்காது. நடைக்கூடத்தில் அவன் குரல் தேய்ந்து கேட்டது: "ஒண்ணும் இல்ல டாக்டர். எங்க அண்ணி கொஞ்சம் பயப்படுறாங்க. அப்படியெல்லாம் நடக்காது."

உலக வரலாற்றில் ஒரு எலக்ட்ரீஷியன் சொன்ன நேரத்துக்குச் சொன்ன வேலையைச் செய்தது அன்று ஒருநாள்தான். பன்னிரண்டானால் யாரையும் கேட்க வேண்டாம், கழற்றிவிடுங்கள் என்று காலையிலேயே கொழுந்தன் சொல்லிவைத்திருந்தான். அவர் கழற்றினார்.

இரைச்சல் நின்றது.

"கரெக்டா பன்னெண்டு" என்றார் எலக்ட்ரீஷியன், திருப்தியாக. பெட்டியை நேராகச் சுவர் மின்சாரத்தில் செருகினார். பெட்டி தானாகவே விழித்துக்கொண்டது. விழித்ததும் அது செய்யும் முதல் வேலை கெடு பார்ப்பது. திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. கெடு முடிந்தது, 1912. கெடு முடிந்தது, 1913. கெடு முடிந்தது, 1911. தாலாட்டே இன்னும் பழகாத பிள்ளைகள் எல்லாம் பாட்டன் காலத்துக்கு வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அண்ணி விசைப்பலகையில் பாய்ந்தாள். கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல்லோ நடைக்கூடத்தில் போன் பேசிக்கொண்டிருந்தது.

"தம்பி!"

பெயர்கள் திரையின் அடியைத் தொட்டன. பட்டியல் முடிந்தால் அழிப்புத் தொடங்கும். அண்ணி பெட்டி இருந்த அலமாரிக்குப் பின்னால் கையை நுழைத்தாள். பத்து வருடமாக யார் செய்தாலும் கையை உடைப்பேன் என்று சொல்லிவந்த காரியத்தைத் தானே செய்தாள். ஓடிக்கொண்டிருந்த வட்டின் கேபிளைப் பிடித்து, பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒரே இழுப்பு.

கொழுந்தன் ஓடி வந்தபோது திரை பாதிப் பெயரில் உறைந்து நின்றது. அந்தப் பாதிப் பெயருக்குப் பக்கத்தில் 1913. அவன் அதைப் படித்தான். மறுபடி படித்தான்.

"அழிஞ்சுதா அண்ணி?"

"தெரியல. வட்டைச் சோதனைப் பெட்டியில மாட்டு. எழுத விடாத. படிக்க மட்டும்."

அவன் மாட்டினான். திருகு இரண்டு தடவை கீழே விழுந்தது. எலக்ட்ரீஷியன் எடுத்துக் கொடுத்தார். வட்டு முனகி, சுழன்று, வாய் திறந்தது. கோப்புகள் அத்தனையும் இருந்தன. தேதிகள் அத்தனையும் பொய்.

"உண்மையான தேதி போயிடுச்சே" என்றான்.

"போகல. கத்தரிச்ச துண்டு எல்லாத்துக்கும் ஒரே அளவுதான். நூத்து முப்பத்தாறு வருஷமும் கொஞ்சம் சொச்சமும். அதைத் திருப்பி ஒட்டினா போதும். இடம் அகலமா இருக்கிற புது வட்டு ஒண்ணு எடு."

அவள் எழுதிய நிரல் பத்து வரிகூட இல்லை. அதை அழுத்துவதற்கு முன் மூன்று முறை வாசித்துப் பார்த்தாள். அழுத்தினாள். புது வட்டில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்: 2047, 2048, 2049. இந்தத் தடவை கொழுந்தன் கேட்காமலே அவள் புது வட்டைப் பழைய பெட்டியில் மாட்டி, ஒருமுறை அணைத்து, மறுபடி போட்டாள். தேதிகள் அசையவில்லை. கொழுந்தன் மூன்றாவது மாடிக் குழந்தையின் ஸ்கேனைத் திறந்து, உள்ளே பதிந்திருந்த நம்பரையும் நாளையும் சரிபார்த்தான். இத்தனூண்டு இதயம், சாம்பல் நிறத்தில் துடித்தது.

மேசைத் தொலைபேசி அடித்தது. கொழுந்தன் எடுத்தான். அறுவைச் சிகிச்சை டாக்டர்.

"பன்னெண்டு மணியிலேர்ந்து என் திரையில அந்த ஸ்கேன் காணாம போச்சு. இப்போ வந்திருக்கு. இதை நம்பி நான் கத்தி வெக்கலாமா?"

"வெக்கலாம் டாக்டர். படத்துக்குள்ளயே குழந்தையோட நம்பரும் எடுத்த நாளும் பதிஞ்சிருக்கு, ரெண்டையும் நானே சரிபார்த்தேன்."

"அப்போ நடுவுல என்ன ஆச்சு? ஒண்ணும் நடக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேபிளில் ஏதோ தளர்ச்சி என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடும்.

"நான் சொன்னது தப்பு டாக்டர். அண்ணி சொன்னது அப்படியே நடந்துச்சு. அத்தனை குழந்தைங்களும் நூறு வருஷத்துக்கு முன்னாடி போயிட்டு வந்தாங்க. என் கண்ணால பார்த்தேன்."